திரும்ப வாங்க முடியாத புகார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கொட்டகைக்குள் கிடைத்தது. கொட்டகை ஹேசலுடையது. இங்கிலாந்தில் ஹல் நகராட்சி வாடகைக்கு விடும் காய்கறி நிலங்களில் அவளுடைய துண்டும் என்னுடைய துண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன, நடுவில் ஒரு கம்பி வேலி. அவள் பக்கம் உருளைக்கிழங்கும் லீக் என்ற தடித்த வெங்காயத் தாளும் செழித்து நிற்கும். என் பக்கம் நான் வருடா வருடம் வெண்டை விதைத்துத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

பல வருடப் பழக்கம் எங்களுக்குள். ஆனாலும் எங்கே வேலை என்று கேட்டால் "ஆபீஸ்ல" என்பாள். என்ன ஆபீஸ் என்றால் "லெட்டர் போடுற ஆபீஸ்" என்பாள். போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் மழைக்கு அவள் கொட்டகையில் ஒதுங்கினேன். ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மண்வெட்டியைத் துடைத்தபடியே சொன்னாள். தனியார் கார் நிறுத்த நிறுவனம் ஒன்றில், வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில்.

"யார்கிட்டயும் சொல்றதில்ல கண்ணு. பப்ல சொன்னா பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க கிளாஸைத் தூக்கிக்கிட்டு வேற மேஜைக்குப் போயிருவாங்க. இந்த ஊர்ல எங்க லெட்டர் வராத வீடு எது?"

என் வீட்டுக்கும் வந்திருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. எந்தப் பாஷைல எழுதினாலும் என்னை நல்லவளா மட்டும் ஆக்கிடாத" என்றாள்.

[நிறுவனத்துக்குப் பெயர் வைக்கப் பார்த்தேன். மூன்று பெயர்கள் தோன்றின. தேடினால் மூன்றுமே எங்கோ நிஜமாக இருந்தன. அதனால் வெறும் 'நிறுவனம்'. ஆட்களின் பெயர்கள் மாற்றப்பட்டவை. ஹேசல் என்பதும்தான். வேறு பெயர் கேட்டபோது அவளே தேர்ந்தெடுத்தது அது.]

2

முதல் தொடக்கம்: "ஹார்ன்சீ கடற்கரையில் அன்று காற்று"

காற்று என்ன செய்தது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தக் கடற்கரையில் காற்று என்றைக்குத்தான் அடிக்கவில்லை?

இரண்டாவது தொடக்கம்: "தெஸ்ஃபாய் சிரித்தார்."

இது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டே சொல். ஆனால் அவர் சிரித்தாரா, எதற்காகச் சிரித்தார், அவர் மட்டும்தான் சிரித்தாரா என்பதுதான் வழக்கு. முதல் வரியிலேயே தீர்ப்பை எழுதிவிட்டு அப்புறம் விசாரிப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். நானும் அதைச் செய்ய வேண்டாம் என்று அடித்தேன்.

ஆகவே ஆபீஸிலிருந்தே தொடங்குகிறேன். அழகான இடம் அல்ல. ஆனால் ஹேசல் இருக்கும் இடம் அதுதான்.

3

கண்ணாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே ஊழியர்களின் கார்கள் நிற்கும் இடம் தெரியும். அங்கே கட்டணம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஹேசலுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட முதல் பாடம், 'அபராதம்' என்ற சொல்லை எழுதக் கூடாது என்பது. அபராதம் போடத் தனியாருக்கு உரிமை இல்லை. நேரம் தாண்டி நின்ற காரின் கண்ணாடியில் ஒட்டப்படுவது 'கட்டண அறிவிப்பு'. வாடிக்கையாளர் அபராதம் என்றே எழுதுவார். பதிலில் அதைக் கட்டணம் என்று திருத்திவிட வேண்டும், திருத்தியது தெரியாத மாதிரி.

இரண்டாவது பாடம், புகார்களில் இரண்டு சாதி உண்டு என்பது. ஒன்று, கட்டணம் பற்றிய புகார். பலகை மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது, இயந்திரம் காசை விழுங்கிவிட்டது, பிள்ளைக்கு வாந்தி என்று வருபவை. இவற்றுக்கு மறுப்புப் பத்திகள் தயாராக இருக்கும். பொருத்தமானதை எடுத்து ஒட்டி அனுப்ப வேண்டியதுதான். ரத்து செய்தால் மேலதிகாரி க்ரெய்க் காரணம் கேட்பான். மற்றொன்று, ஆள் பற்றிய புகார். கார்களைப் பார்வையிட்டு அறிவிப்பு ஒட்டும் காவல் ஆள் மரியாதையில்லாமல் பேசினார், முறைத்தார், பல்லைக் கடித்தார் என்று வருபவை. இவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். உடனே, மனதார, முழுப் பக்கத்துக்கு.

"மன்னிப்புக் கேக்க என்ன செலவு, ஒரு ஸ்டாம்ப்" என்பான் க்ரெய்க்.

ஸ்டாம்போடு வேறொரு செலவும் இருந்தது. அது நிறுவனத்துடையது அல்ல. காவல் ஆட்கள் ஏஜென்சி மூலம் வருபவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் மேல் புகார் ஏற்கப்பட்டால் அடுத்த வாரம் ஏஜென்சி வேறு ஆளை அனுப்பும். அவ்வளவுதான். ஏற்கப்பட்ட புகார்கள் கூடக்கூட வருட அறிக்கையில் நிறுவனம் பணிவானதாகத் தெரியும்.

ஹேசலுக்கு இது தெரியாமல் இல்லை. "தெரியும். ஆனா அந்தப் பக்கம் யோசிக்கிறதில்ல. கோழிக்கறி சாப்பிடும்போது கோழியை யோசிக்கிறமா?" என்றாள்.

4

ஐரிஸ் மெட்காஃபின் புகார் ஒரு திங்கட்கிழமைத் தபாலில் வந்தது. எழுபது தாண்டியவர். கட்டணத்தைக் கட்டிவிட்டதாக முதல் வரியிலேயே சொல்லியிருந்தார். நேரம் தாண்டியது உண்மை, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. "ஆனால் உங்கள் ஆள் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். ரோனி மறதி நோயாளி. அவரைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமை கிடையாது. அதைச் செய்த ஆளுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்."

காவல் ஆளின் மார்பில் கேமரா இருக்கும். ஹேசல் அந்தப் பதிவை எடுத்துப் போட்டாள்.

ஹார்ன்சீ கடற்கரைக் கார் நிறுத்தம். அன்றைய காவல் ஆள் தெஸ்ஃபாய், எரித்திரியாக்காரர். ஒரு நீலக் காரின் கண்ணாடியில் அறிவிப்பை ஒட்டிவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்திருக்கிறார். அப்போது கழிப்பறைப் பக்கமிருந்து ஐரிஸ் ரோனியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெளியே வர மறுத்துவிட்டாராம் ரோனி. ஐரிஸுக்கு மூச்சு வாங்குகிறது. அறிவிப்பைப் பார்த்ததும் வெடித்துவிடுகிறார்.

"கண்ணு தெரியலயா உனக்கு? இந்த மனுஷனைக் கூட்டிக்கிட்டு நான் ஓடியா வர முடியும்?"

"மன்னிக்கணும்மா, நீங்க ஆபீஸுக்கு எழுதினா—"

"ஆபீஸ்! நல்லா சொன்ன! அங்க மனுஷங்களா இருக்காங்க?"

சொல்லிவிட்டு ஐரிஸ் முதுகைக் காட்டிக்கொண்டு கார்க் கதவோடு மல்லுக்கட்டுகிறார். ரோனி நிற்கிறார். அவர் பார்வை தெஸ்ஃபாயின் சீருடை மேல் விழுகிறது. கூனிய முதுகு நிமிர்கிறது. சட்டையின் மேல் பித்தானைத் தேடிப் போட்டுக்கொள்கிறார். வாழ்நாளெல்லாம் நகரத்து மாடிப் பேருந்தில் வேலை பார்த்தவர், முதலில் நடத்துநராக, பிறகு ஓட்டுநராக. சீருடையில் ஒருவர் எதிரே நின்றால் அவருக்கு அது டிக்கெட் பரிசோதகர்.

"எல்லாருக்கும் டிக்கெட் குடுத்தாச்சு ஐயா. மாடியிலயும் குடுத்தாச்சு."

"ரொம்ப நல்லது" என்கிறது தெஸ்ஃபாயின் குரல்.

ஐரிஸின் கையிலிருந்து சாவி விழுந்து உருள்கிறது. தெஸ்ஃபாய் குனிகிறார். கேமரா தார்த் தரையைப் பார்க்கிறது. தரைக்கு மேலே எங்கிருந்தோ ரோனியின் குரல் மட்டும், ரகசியம் சொல்கிற மாதிரி:

"இந்தம்மா மட்டும்தான் இன்னும் டிக்கெட் வாங்கல."

பிறகு சிரிப்பு. மூக்கால் வரும், விட்டுவிட்டு வரும் ஒரு சிரிப்பு. அதன் மேல் இன்னொரு சிரிப்பு. கேமரா நிமிரும்போது ரோனியின் முகத்தில் ஒன்றுமில்லை. ஐரிஸ் திரும்பி, கேமராவுக்குச் சற்று மேலே, தெஸ்ஃபாயின் முகம் இருக்க வேண்டிய இடத்தை வெறித்துப் பார்க்கிறார்.

ஹேசல் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு தெஸ்ஃபாயைக் கூப்பிட்டாள்.

"தெஸ்ஃபாய், ஹார்ன்சீயில ஒரு வயசானவர்—"

"பஸ் ஐயாவா? நல்லா இருக்காரா மேடம்?"

ஹேசல் படிவத்தைப் பார்த்துப் படித்தாள். "அவரைப் பாத்துச் சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன் மேடம்."

"யோசிச்சுச் சொல்லுங்க. ஞாபகம் இல்லன்னு சொன்னாலும் அப்படியே எழுதிக்குவேன்."

"ஞாபகம் இருக்கே! அவர் ஜோக் அடிச்சார், அடிச்சிட்டு அவரே முதல்ல சிரிச்சார். பெரியவர் ஒருத்தர் சிரிக்கும்போது நான் மூஞ்சிய இறுக்கி வெச்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

படிவத்தில் ஒரு கட்டம்: ஊழியர் ஒப்புக்கொண்டாரா? ஆம், இல்லை. ஹேசல் 'ஆம்' என்பதைச் சொடுக்கினாள்.

5

இந்த இடத்தில் நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை அடிக்காமல் விடுகிறேன்:

"ஹேசல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். அறை முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் குரலில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு"

கொட்டகையில் இதை அவளுக்குச் சொல்லிக் காட்டினேன். முகம் சுளித்தாள்.

"நான் எங்க எந்திரிச்சேன்? நடந்ததை எழுது."

நடந்தது இது. க்ரெய்க் அவள் மேஜையில் சாய்ந்துகொண்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"ஒப்புக்கிட்டானா? அப்புறம் என்ன ஹேஸ், ஏத்துக்கோ, மன்னிப்பு அனுப்பு, மூடு."

"கிழவர்தான் முதல்ல சிரிச்சாரு க்ரெய்க். பதிவுல இருக்கு."

"தெரியுதா, கேக்குதா?"

"கேக்குது. கேமரா தரையைப் பாத்துக்கிட்டிருந்துச்சு."

"தரை சிரிச்சுதுன்னு எழுதப் போறியா?" வாயைத் துடைத்துக்கொண்டான். "அந்தம்மாகிட்டப் போய் 'சிரிச்சது உம் புருஷன்தான்'னு சொல்லு. அடுத்த வாரம் பேப்பர்ல வரும், நோயாளி மேல பழி போட்டுட்டாங்கன்னு. வேணும்னா உன் பேரைப் போட்டு அனுப்பு, எனக்கென்ன."

அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஹேசலுக்கும் அப்படித்தான் பட்டது. பசித்தது. மன்னிப்புக் கடிதத்தை எடுத்தாள், பெயரையும் தேதியையும் மாற்றினாள், 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தாள், அனுப்பினாள். பிறகு சாப்பிடப் போனாள்.

அடுத்த வாரம் தெஸ்ஃபாய் கூப்பிட்டார். ஊழியர்களை விசாரிக்க அவள் கூப்பிடும் அந்த எண்ணுக்கு யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை.

"மேடம், ஏஜென்சில எனக்கு ஷிஃப்ட் இல்லங்கறாங்க. கேட்டா உங்க ஆபீஸைக் கேக்கச் சொல்றாங்க."

"அது... ஏஜென்சியோட முடிவு தெஸ்ஃபாய்."

"நான் உண்மையைத்தான மேடம் சொன்னேன்?"

"ஆமா."

"அப்ப சரி" என்றார். வைத்துவிட்டார். திட்டவில்லை. அந்த 'அப்ப சரி'யைத் தமிழில் எப்படி எழுதினாலும் அதில் கொஞ்சம் கசப்பு ஏறிவிடுகிறது. கசப்பே இல்லை என்றாள் ஹேசல். உண்மையைச் சொன்னது சரிதானா என்று தெரிந்துகொள்ள மட்டுமே கூப்பிட்ட மாதிரி இருந்ததாம்.

6

தெஸ்ஃபாய் பேசிய மறுநாள், கடிதம் கைக்கு வந்ததும், ஐரிஸ் போன் செய்தார். நன்றி சொல்லத்தான்.

"இப்படி அழகா மன்னிப்புக் கேப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல பொண்ணே. அந்த நடவடிக்கைன்னு போட்டிருக்கே, அது என்னது? கூப்பிட்டுப் பேசினீங்களா அவனை?"

இதற்கும் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: ஊழியர் பற்றிய விவரங்களைப் பகிர இயலாது. ஹேசல் வாயைத் திறந்தாள். வேறொன்று வந்தது.

"அவர் இப்ப எங்ககிட்ட இல்ல மிஸஸ் மெட்காஃப்."

"இல்லன்னா?"

"வேலை போயிடுச்சு."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"நான் அப்படிக் கேக்கலயே. நாலு வார்த்தை சொல்லணும்னுதான கேட்டேன். சின்ன வயசுக்காரன். வீட்டுல யார் யார் இருக்காங்களோ. யாரும்மா உங்ககிட்ட வேலையைப் பிடுங்கச் சொன்னது?"

"மிஸஸ் மெட்காஃப், முதல்ல சிரிச்சது அவர் இல்ல."

"வேற யாரு?"

"உங்க வீட்டுக்காரர்."

"ரோனி சிரிக்க மாட்டார்." கோபமில்லை, தகவல் சொல்கிற குரல். "அவர் சிரிச்சு வருஷக்கணக்காச்சு. டாக்டர்கூட எழுதி வெச்சிருக்கார். முகமே அசையாது."

ஹேசல் சுற்றிப் பார்த்தாள். க்ரெய்க் கூட்டத்தில் இருந்தான். பதிவைத் திறந்து, போனின் வாயை ஹெட்ஃபோனோடு சேர்த்துப் பிடித்தாள்.

எல்லாருக்கும் டிக்கெட் குடுத்தாச்சு ஐயா. மாடியிலயும் குடுத்தாச்சு. ரொம்ப நல்லது. சாவி விழும் சத்தம். இந்தம்மா மட்டும்தான் இன்னும் டிக்கெட் வாங்கல. சிரிப்பு.

ஹேசல் பதிவை நிறுத்தினாள்.

"திரும்பப் போடு."

போட்டாள்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை முடிந்ததும் ஐரிஸ் பேசினார். குரல் நிதானமாக வந்தது.

"அவர்தான். மூக்கால சிரிப்பார். சினிமாக் கொட்டகைல முன் வரிசைக்காரங்கெல்லாம் திரும்பிப் பாப்பாங்க, எனக்கு வெக்கமா இருக்கும். நான் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன் பொண்ணே. பின்னாலயேதான் இருந்தார். எனக்கு அடையாளம் தெரியல."

பிறகு, கொஞ்சம் கழித்து: "இந்தம்மான்னாரே. என்னைத்தான?"

"ஆமா."

"ஜோக்குக்குத்தான் அப்படிச் சொன்னார். வேணும்னேதான். தெரிஞ்சுதான் சொன்னார், இல்ல?"

"ஆமா" என்றாள் ஹேசல்.

[அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் 'இந்தம்மா' என்று எழுதினேன். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 'இந்தம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு' என்று கேலி செய்யும் கணவர்கள் நம்மிடம் உண்டு. 'யார் இந்தம்மா, நம்ம வீட்டுல என்ன பண்றாங்க' என்று மறதியில் கேட்கும் கணவர்களும் உண்டு. இரண்டுக்கும் சொல் ஒன்றுதான். ரோனி எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று முடிவு செய்யும் அதிகாரம் எழுதுகிறவருக்கு இருப்பதாகச் சொல்வார்கள். நான் பலமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எனக்கு அது இல்லை.]

7

ஐரிஸ் அன்றைக்கே எழுதினார். என் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தவறு என்னுடையது. அந்த இளைஞரை மறுபடி வேலைக்கு வையுங்கள்.

மூடிய புகார் அவர்களுடைய கணினியில் திறக்காது. திரும்ப வாங்குவதற்கு ஒரு வழியை யாரும் அமைத்திருக்கவில்லை. வாங்கிய மன்னிப்பை யாராவது திருப்பிக் கொடுப்பார்கள் என்று எவருக்கும் தோன்றியிருக்காது. ஆனாலும் வந்த கடிதம் ஏதாவது ஒரு வகையில் சேர்ந்தாக வேண்டும். 'புகார் கையாளப்பட்ட விதம் பற்றிய புகார்' என்று ஒரு வகை இருந்தது. அதில் சேர்த்தார்கள். கையாண்டது யார்? ஹேசல்.

தவிர, ஐரிஸ் நன்றிப் பெருக்கில் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். போனில் பதிவைப் போட்டுக் காட்டியதை, ஒருமுறைக்கு மூன்றுமுறை போட்டதை, அந்தப் பெண்ணுக்குக் கடவுள் நல்லது செய்யட்டும் என்பதை.

க்ரெய்க் அவளைத் தனி அறைக்குக் கூப்பிட்டான். அவனுக்கே கஷ்டமாக இருந்தது என்கிறாள்.

"ஹேஸ், உன்னைப் பாராட்டித்தான் எழுதியிருக்கு அந்தக் கிழவி. ஆனா எதுக்குப் பாராட்டியிருக்குன்னு பாரு. ஊழியர் விவரத்தைச் சொல்லியிருக்க. பதிவைப் போட்டிருக்க. என்ன நினைச்சுக்கிட்டுச் செஞ்ச?"

"ஒண்ணும் நினைக்கல."

"ஒப்புக்கறியா?"

"அதுக்கும் கட்டம் இருக்கா?"

இருந்தது. ஹேசல் நிரந்தர ஊழியர், அதனால் வேலை போகவில்லை. தபால் அறைக்கு மாற்றினார்கள், உறைகளைப் பிரித்து ஸ்கேனரில் வைக்கும் வேலை. ஐரிஸுக்கு இன்னொரு மன்னிப்புக் கடிதம் போனது. உங்கள் புகார் ஏற்கப்பட்டது, உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது.

பதிவின் ஒரு பிரதியாவது வேண்டும் என்று ஐரிஸ் தனியாக விண்ணப்பித்திருந்தார். அது முறைப்படி பரிசீலிக்கப்பட்டு, உரியவரின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தபோது, பழைய பதிவுகளை வழக்கமாக அழிக்கும் நாள் கடந்திருந்தது. அந்தச் சிரிப்பை அவர் போனில் மூன்றுமுறை கேட்டதுதான்.

(இதை ஹேசல் சொன்ன அன்று நான் குறிப்பு எடுக்கவில்லை. லீக் செடிகளுக்கு மண் அணைக்க உதவினேன்.)

8

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். ஐரிஸ் ரோனியை மறுபடி ஹார்ன்சீக்குக் கூட்டிப் போகிறார். காசு போட்டு டிக்கெட் வாங்குகிறார். சீருடையில் யாராவது வருகிறார்களா என்று இருவரும் காருக்குள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வருகிறவர் வேறு ஆள். ரோனி நிமிரவில்லை. இதை முடிக்காமல் வைத்துவிட்டேன். ஐரிஸ் நிஜமாகவே அப்படிப் போனாரா என்று எனக்குத் தெரியாது. போயிருந்தால் அது அவருடையது.

இன்னொரு முடிவில் தெஸ்ஃபாய்க்கு நல்ல வேலை கிடைத்துவிடுகிறது. பேருந்தில். வாசகருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. எழுதி முடித்ததும், 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. கிழித்தேன்.

அப்புறம், கதை முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நவம்பரில், ஹேசல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். கொட்டகைக்குள் அலமாரியில், விதைப் பொட்டலங்களுக்கு நடுவே ஒரு தகர டப்பா இருந்தது. தபால் அறையில் அவள் கையாலேயே பிரித்த பொட்டலம். மேலே ஐரிஸின் கையெழுத்தில், 'ஹார்ன்சீயில் என் கணவரோடு சிரித்தவருக்கு' என்று எழுதியிருந்தது.

"கிஃப்ட் வந்தா திருப்பி அனுப்பணும். அதான் ரூல். நான் பைக்குள்ள போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

திறந்து காட்டினாள். ஓட்ஸும் இஞ்சியும் கருப்பஞ்சாற்றுப் பாகும் போட்டுச் செய்யும் கருத்த கேக். இந்தப் பக்கத்து வீடுகளில் நவம்பரில் செய்வார்கள். அதன் பெயர் பார்கின்.

"பார்க்கிங் கதையில பார்கினா? நீயா வெச்ச பேர்னு நினைப்பாங்க உன் ஆளுங்க" என்றாள் ஹேசல். நாங்கள் இருவரும் சிரிக்கப் பார்த்தோம்.

"இது வெச்சிருக்க வெச்சிருக்கத்தான் மெத்துனு ஆகும். ஆனா எவ்வளவு நாள்? சீக்கிரம் பூஞ்சை பிடிச்சிரும்."

"தெஸ்ஃபாயோட நம்பர் இருக்கா உன்கிட்ட?"

"இருக்கக் கூடாது" என்றாள். போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

9

என்ன பேசுவது என்று தெரியாமல்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"நீதான் எழுத்துக்காரி. எழுதிக் குடு, நான் படிக்கிறேன். எனக்கு வாயைத் திறந்தா ஆபீஸ் லெட்டர்தான் வருது. பத்து வருஷமா மன்னிப்புக் கேட்டே சம்பளம் வாங்கியிருக்கேன். ஒரு தடவைகூட நான் கேக்கல, பாத்துக்கோ."

காகிதத்தை வாங்கி எழுதினேன். 'நடந்ததற்கு உண்மையிலேயே வருந்துகிறேன்.'

"எங்க மூணாவது பத்தி" என்றாள்.

'உங்களுக்கு நேர்ந்தது அநியாயம் என்பதை உணர்கிறேன்.'

"ரெண்டாவது பத்தி. 'அநியாயம்' இருக்காது, 'சிரமம்'னு இருக்கும்."

'தப்பு என் மேலதான்.' இதை இரண்டு தடவை படித்தாள். "நெஜம்தான். ஆனா அதைக் கேட்டுட்டு அவன் என்ன பண்ணுவான்? 'பரவாயில்ல மேடம்'பான். அவனையே எனக்கு ஆறுதல் சொல்ல வெக்கவா கூப்பிடுறேன்?"

அப்படியானால் கேக்கைப் பற்றி மட்டும் சொல், ஐரிஸ் செய்து அனுப்பியதைச் சொல், ரோனி சிரித்ததைச் சொல் என்றேன். அதை மட்டும் சொன்னால் தான் தப்பித்துக்கொள்வதாக ஆகிவிடும் என்றாள். இரண்டையும் சொன்னால் எதை முதலில்? அவர் நடுவில் போனை வைத்துவிட்டால் எது மிஞ்ச வேண்டும்? நான் அடித்து அடித்து எழுதினேன். காகிதத்தில் இடம் தீர்ந்தது. வெளியே யாரோ தள்ளுவண்டியைச் சரளைக் கல்லில் உருட்டிக்கொண்டு போனார்கள்.

ஹேசல் பொறுக்க முடியாமல் எண்ணை அழுத்திவிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டு மேஜை மேல் வைத்தாள். மணி போனது. அவள் மண் படிந்த கைகளை மடியில் கோத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்தேன். அதில் அடிக்காத வரி ஒன்றுகூட இல்லை.

அதனால் உங்களைப் பார்க்கிறேன். இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள். எங்கள் இருவரையும்விட உங்கள் வாய் சுத்தமானது. உங்களுக்கு அந்த ஆபீஸில் வேலை இல்லை, உங்கள் பெயரில் கதை இல்லை.

அந்தப் பக்கம் போனை எடுத்துவிட்டார்கள். பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தம், ஒரு குழந்தை எதையோ கேட்டு அடம்பிடிக்கும் சத்தம். குழாயை மூடுகிறார்.

"ஹலோ? யாருங்க?"

பேசுங்கள்.